எச்சிலும் எச்சமும்

எச்சில் என்றவுடன் முகஞ்சுளிப்பது நம்மவர் இயல்பு. எச்சிற்பட்ட பாத்திரத்தைக் கழுவாது எடுத்தாளோம். எச்சிலிலையை முற்றத்திற் கிடக்க விடோம். எஞ்சுதல் என்னும் வினையோடு உறவுடைய இச்சொல்லுக்கு உடன்பிறப்பொன்று உண்டு; அதுவே எச்சம். ஒருவர் உலகில் விட்டுச்செல்லும் மக்களையும் எச்சம் என்றே முன்னோர் வழங்கினர். எச்சிலைக் கொண்டே ஒருவரின் எச்சம் இன்னார் எனத் துணியும் காலம் வருமென அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். பெயரெச்சமும் வினையெச்சமும் கற்பிக்கும் எனக்கு இத்துறையிற் புகுந்து பேச என்ன உரிமை என நம் விஞ்ஞான ஆசிரியர்கள் வினவக்கூடும். வினவட்டும், பேசவேண்டிய காரணம் ஒன்று உண்டு.

உமிழ்நீர் வெறும் நீரன்று. கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த கலங்களும் வெண்குருதிக் கலங்களும் அதில் மிதக்கின்றன. அக்கலங்களின் கருவினுள்ளே சுருண்டு கிடப்பது டீ.என்.ஏ. பஞ்சு சுற்றிய குச்சியாற் கன்னத்தின் உட்புறத்தைச் சிறிது நேரம் தேய்த்தாற் போதும், ஊசியில்லை, நோவில்லை. கலத்தின் மென்சவ்வைச் சவர்க்காரம் போன்ற பொருளாற் கரைத்து, புரதத்தை நொதியத்தாற் சிதைத்து, உப்புச் சேர்த்துக் குளிர்ந்த மதுசாரத்தை மெல்ல வார்த்தால், அது வெண்ணூல் போலத் திரண்டு தோன்றும். நம் கல்லூரி ஆய்வுகூடத்திலேயே மாணவர் இதனைச் செய்து காணலாம். கிடைப்பது சிறிதாயினும் குறையில்லை. 1983ஆம் ஆண்டில் கெரி முல்லிஸ் கண்ட பெருக்கல் முறையால் ஓரிழையைக் கோடியாக்கலாம். தலைமயிரோ இத்துணைத் தாராளமானதன்று. வேரோடு பறித்த மயிரிற் கருவின் டீ.என்.ஏ. உண்டு, உதிர்ந்த மயிரிலிருந்து பெரும்பாலும் இழைமணியின் டீ.என்.ஏ.யே கிட்டும். அது தாய்வழி வருவது. ஒரு வயிற்றிற் பிறந்தார்க்கெல்லாம் பொதுவானது.

இவ்வித்தையின் பெரும் பயனை உலகுக்குக் காட்டியவர்கள் ஆர்ஜென்டீனா நாட்டுப் பாட்டிமார். 1976 முதல் 1983 வரை அந்நாட்டை இராணுவம் ஆண்டது. அக்காலத்திற் பிடித்துச்செல்லப்பட்ட இளம் பெண்களுட் கருவுற்றிருந்தோர் பலர். சிறையிற் பிறந்த குழந்தைகள் பிறர் வீடுகளிற் பிறர் பெயரால் வளர்ந்தன, தாய்மார் மீளவில்லை. பெற்றோர் இல்லாதபோது பாட்டன் பாட்டியரின் இரத்தத்தைக் கொண்டே பேரப்பிள்ளையை அறிய இயலுமோ எனப் பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிச்சென்று வினவினர். அமெரிக்க அறிஞர் மேரி கிளயர் கிங் முதலியோர் அதற்குரிய கணக்குமுறையை வகுத்தளித்தனர். 1987ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமியற்றித் தேசியக் களஞ்சியம் ஒன்று நிறுவப்பட்டது. தாம் இறந்தபின்னரும் தம் பேரப்பிள்ளை வந்து கேட்டால் விடை கிடைக்கவேண்டும் என்பதற்காகவே முதியோர் தம் இரத்தத்தை அங்கே வைத்துச் சென்றனர். 2025 யூலை மாதத்தில் 140ஆவது பேரப்பிள்ளை கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் எனக்கு உடன்பாடில்லாத பகுதி ஒன்றும் உண்டு. வளர்ந்துவிட்ட பிள்ளைகளுட் சிலர் தம் பிறப்பை அறிய விரும்பவில்லை. இரத்தம் தர மறுத்தனர். 2009ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாறு மறுப்போரிடத்து உடை, சீப்பு, பல் தூரிகை போன்ற பொருள்களைக் கைப்பற்றிச் சோதிக்க வழிசெய்தது. உடம்பிற் கைபடவில்லை, ஆகவே ஊறில்லை என்பது அதன் நியாயம். பாட்டிமாரின் தவிப்பை உணர்ந்தும் அந்நியாயத்தை ஏற்க என் மனம் இசையவில்லை. ஊசிக்கு ஒரு நற்குணம் இருந்தது; உணர்வோடிருக்கும் ஒருவரை அவர் அறியாமற் குத்த முடியாது. எச்சிலுக்கு அக்காவல் இல்லை. தேநீர் அருந்தி வைத்த குவளையே போதும். நோவின்றி எடுக்கப்படுவது கேளாமலும் எடுக்கப்படலாம் என்பதே இதிலுள்ள அபாயம். ஒருவரின் ஒப்புதலின்றி டீ.என்.ஏ. சோதனைக்கென அவருடற் பொருளை வைத்திருத்தலைப் பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டு மனித இழையச் சட்டம் குற்றமாக்கியது. அதுவே நேர்மை.

இதனை நான் இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் நம் ஊரிலேயே உளது. 2025ஆம் ஆண்டில் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடைபெற்ற அகழ்வில் இருநூற்றுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பாடசாலைப் பையும் பொம்மையும் உடன் கிடைத்தன. எலும்பு காத்திருக்கும், தாய்மார் காத்திரார். காணாமற்போனோரின் பெற்றோர் பலர் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். அவர்கள் உயிரோடிருக்கும்போதே, விரும்புவோரிடமிருந்து எச்சிலைப் பெற்றுக் காத்துவைத்தல் வேண்டும் என்பது என் துணிபு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவிற்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பிறப்புரிமைத் தரவுகளைத் தனிக் காப்புக்குரியன என வகுத்தது. சட்டம் ஏட்டில் இருத்தல் போதாது. எச்சிலைத் தருவோர் அது எவர் கையில் இருக்கும் என அறிதல் வேண்டும். எலும்போடு ஒப்பிடுதலன்றி வேறெதற்கும் அது பயன்படலாகாது. வேண்டாமென்றால் அழித்துவிடவும் வேண்டும். அந்த உறுதியில்லாதவிடத்துத் தருக என்று எவரிடத்தும் சொல்ல எனக்கு நா எழாது.

என்னோடு ஒரே வாங்கிலிருந்து இக்கல்லூரியிற் கற்ற தோழன் ஒருவன் 1996இற் காணாமற்போனான். அவன் தாயாரிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “எச்சிலைக் குடுத்தால் அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ, தம்பி?” என்றார். ஆசிரிய கலாசாலையில் எனக்கு இதற்கு விடை கற்பிக்கப்படவில்லை. சிறிது பொறுத்து, அவனுடைய சீப்பு இரும்புப் பெட்டியுள் இருக்கிறது, அதிலும் ஏதும் இருக்குமோ எனக் கேட்டார். இருக்கலாம், பொலித்தீனில் வேண்டாம், ஈரம் கெடுத்துவிடும், கடதாசி உறையில் இட்டு வையுங்கள் என்றேன். அடுத்த முறை சென்றபோது அவ்வாறே செய்து, உறையின்மேல் அவன் பெயரை எழுதி வைத்திருந்தார். தம் எச்சிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.