பாக்கி ஆறு

அயோத்தி, மதுரா, ஹரித்துவார், காசி, உஜ்ஜயினி, துவாரகை... ஏழாவது காஞ்சிபுரம். முக்தி தரும் ஏழு நகரங்களில் தெற்கே இருப்பது எங்கள் ஊர் ஒன்றுதான். 'பொறந்ததுல இருந்து இங்கதான் இருக்கேன். ஒண்ணு முடிஞ்சுது, பாக்கி ஆறு' என்று கணக்குப் போட்டார் பெரியப்பா.

பிள்ளையார்பாளையத்தில் 45 வருஷம் தறியில் உட்கார்ந்தவர். அவர் நெய்த பட்டுக்கு நூல் கர்நாடகாவிலிருந்து வந்தது. சரிகை சூரத்திலிருந்து வந்தது. புடவை எந்தெந்த ஊர்க் கல்யாணத்துக்கோ போனது. அவர் மட்டும் திருப்பதியைத் தாண்டியதில்லை. போன தீபாவளியோடு முழங்கால் 'போதும்' என்றுவிட, தறியை நிறுத்திவிட்டார். சீட்டுப் பணமும் கைக்கு வந்துவிட்டது.

"நீ பி.காம். ஆச்சே, ஒரு பிளான் போட்டுக் குடுடா!"

பி.காமுக்கும் காசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

துணைக்குப் போவது அண்ணன். ஒரகடம் பக்கம் ஆபீஸ். மேனேஜர் 12 நாள் லீவு கொடுத்திருக்கிறார், சொத்தில் பாதியை எழுதிவைத்த முகத்தோடு.

இந்தியா மேப்பை விரித்தேன். மேப்பில் எல்லா ஊரும் பக்கத்துப் பக்கத்து வீடுதான் சார்! ஹரித்துவாருக்கும் துவாரகைக்கும் நடுவில் என் சுண்டு விரல்தான் இருந்தது. அந்த விரலுக்கு அடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் படுத்திருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி ரயில், பகலில் சாமி, மறுபடி ராத்திரி ரயில். லாட்ஜ் செலவு மிச்சம். டெபிட், கிரெடிட் அழகாக டேலி ஆனது.

போதாக்குறைக்கு சர்க்குலர் ஜர்னி டிக்கெட் பற்றியும் அளந்துவிட்டேன். கிளம்பிய ஊருக்கே திரும்பி வரவேண்டும், நடுவில் எட்டு இடம் வரை இறங்கலாம். மொத்த தூரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் போடுவதால், துண்டு துண்டாக எடுப்பதைவிட மலிவு. (பெர்த்தை மட்டும் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக ரிசர்வ் பண்ண வேண்டும்.)

"எட்டா? நமக்கு ஆறு போதுமே!" பெரியப்பா முகத்தில் சரிகை.

பெரியம்மா பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"துணி துவைக்கிறது எந்த ஊர்லடா?"

முழித்தேன்.

"உங்க பெரியப்பா ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பாரு. தினம் ரயில்லயே படுத்தா எப்போ தூங்குவாரு? டிசம்பர்ல அங்க பனிமூட்டமாமே, ரயிலு அஞ்சு மணி நேரம் லேட்டா போய்ச் சேந்தா கோயில் நடை தொறந்திருக்குமா?"

நம் வரதராஜர் கோயிலே மத்தியானம் சாத்துகிறது; துவாரகை மட்டும் எனக்காகத் திறந்து வைத்திருக்குமா என்ன?

பெரியப்பாவும் கட்சி மாறிவிட்டார். "மூணு நாள்ல கோர்வைப் புடவை கேக்குற முதலாளி மாதிரிதான் இருக்குது உன் பிளான்."

ரோஷம் வந்து, ராத்திரியே உட்கார்ந்து மறுபடி போட்டேன். சென்னையிலிருந்து காசிக்கே ஒன்றரை நாள். திரும்பும்போது டெல்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 33 மணி நேரம். ஆக, ஒரு சாமியைக்கூடப் பார்க்காமலே நாலு நாள் செலவு! மிச்சம் எட்டு. காசியில் மூன்று ராத்திரி. முதல் நாள் தூக்கத்துக்கு. அயோத்தியில் ஒன்று. அங்கிருந்து ஒரே ஒரு ராத்திரி ரயில். மதுராவில் இரண்டு நாள், துணி துவைப்பது இங்கே. பிறகு டெல்லி, வீடு.

ஆறு மூன்றாகிவிட்டது. எப்படிச் சொல்வது? காலையில் பேப்பரை நீட்டிவிட்டு, காபியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா விரல் விட்டு எண்ணினார். "மத்ததெல்லாம்?"

"அடுத்த வருஷம் பெரியப்பா..."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "துவாரகை ரொம்ப தூரம். உஜ்ஜயினியும் சரி, போகுது. கங்கை மலையை விட்டு இறங்குற எடம் ஹரித்துவார்தானே? அது மட்டும் முடியாதாடா?" என்றார்.

டெல்லியிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர். நிதானமாகப் போய்வர மூன்று நாள் வேண்டும்.

ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது). எங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை. அதற்குள் அந்த மூன்று நாளைக் கேட்க அண்ணன் இன்று மேனேஜர் ரூமுக்குள் போயிருக்கிறான். பெரியம்மா காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.