விளக்கம் கேட்பது நம் உரிமை

"குழந்தைக்கு ஏதோ குறை தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து காலனிக்குத் திரும்பும் பெண்கள் பலர் எங்களிடம் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். என்ன குறை என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியுமா?"

புரியாமல் என்ன? சிசுவின் இதயத்தில் ஒரு வெண்புள்ளி, மூளையில் ஒரு சிறு நீர்க்கட்டி தெரியலாம். வேறு குறை எதுவும் இல்லையென்றால் இவை பெரும்பாலும் பாதிப்பில்லாதவை. முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது வேறு; அதற்கு மறு ஸ்கேனும் நிபுணரின் ஆலோசனையும் வேண்டும். இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

கூட்டம் அதிகம் என்பார்கள். அதே கூட்டத்தில் "சொந்தத்துல கட்டினியா?" என்று திட்ட மட்டும் நேரம் கிடைக்கிறதே! தண்ணீர் தர மறுத்தது போலவே, சாதி பார்த்துத் தகவல் தர மறுப்பதும் தீண்டாமைதான்.

இந்த மௌனம் நாட்களைத் தின்கிறது. 2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டப்படி, சிசுவின் குறைபாட்டுக்காக 24 வாரத்துக்கு மேல் கருவைக் கலைக்க மருத்துவ வாரியத்தின் முடிவு தேவை. வயதுவந்த பெண்ணுக்கு அவரது ஒப்புதல் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. குழந்தையைப் பெற்று வளர்ப்பேன் என்றாலும் அது அவர் முடிவே. இரண்டுக்கும் முதலில் உண்மை தெரிய வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை துணைக்குப் போங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன தெரிகிறது? எவ்வளவு உறுதி? அடுத்த பரிசோதனை எங்கே, எந்தத் தேதிக்குள்? பதிலை எழுதி வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.