பெட்டியில் அடங்காத கடன்

அயல்நாட்டில் கல்வியை முடித்துத் தாயகம் திரும்பும் மாணவனின் இறுதி நாட்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விடுதி அறையைப் பிரியும் வருத்தம், நண்பர்களின் கண்ணீர், முகவரிப் பரிமாற்றம், முடிவில் ஒரு பெருமூச்சு! இவை பொய்யல்ல. ஆயினும் பிரியும் இடத்தை எண்ணி இத்துணை வருந்துபவன், திரும்பும் இடத்தை ஒரு நாழிகையேனும் எண்ணிப் பார்த்தானா?

கெமாஸ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தமிழகம் சென்று பயின்ற மாணவனை எடுத்துக்கொள்க. அவன் கெமாஸ் சந்திப்பில் இரயிலேறி, பினாங்கில் ராஜுலா கப்பலிலோ, பிற்காலத்தில் சிதம்பரம் கப்பலிலோ பயணம் செய்தவனாக இருக்கலாம். 1985இல் நேர்ந்த தீவிபத்தோடு அக்கப்பல் பயணமும் முடிந்தது. இன்று அவன் தம்பியோ மகனோ வானூர்தியில் சில மணி நேரத்தில் சென்று இறங்குகிறான். பயணம் மாறியது, இறுதி நாட்களின் எண்ணம் மாறவில்லை. தந்தைக்கு வேட்டி, தாய்க்குச் சேலை, தனக்குப் பட்டம் என்று பெட்டி நிறைகிறது. ஆனால் பட்டியலில் எழுதப்படாத ஒன்று எஞ்சி நிற்கிறது. அதுதான் கடன்.

யாருக்குக் கடன்? பொழுது புலருமுன் பெரட்டுக்கு எழுந்து, பால்மரம் சீவிப் பணம் அனுப்பிய பெற்றோருக்கு மட்டுமா? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்தின் வாயை அடைப்பதற்காகவே எழுந்த பள்ளிகள் பல. கிராணியும் கங்காணியும் ஆசிரியராக அமர்ந்த காலமும் உண்டு. அந்த ஓலைக் கொட்டகைகளைப் பள்ளிகளாக நிமிர்த்தியவர்கள் தோட்டத்து ஆசிரியர்களும் பெற்றோர்களுமே.

உயர்கல்வியின் கதையும் அதுவே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியது. தொழிலாளரும் தம்மால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தனர். 1956இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. கொடுத்தவர்களுள் மிகப் பலர் எந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மிதித்தறியாதவர்கள்!

“என் அறிவால் படித்தேன், என் குடும்பப் பணத்தால் படித்தேன், ஊருக்கு என்ன கடன்?” என்று கேட்பவர் உண்டு. அறிவு அவனுடையதே. அந்த அறிவுக்கு முதலெழுத்தைக் காட்டிய பள்ளி யாருடையது?

“திரும்பிச் செல்லத் தோட்டம் எங்கே இருக்கிறது? இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் வெறிச்சோடிவிட்டன” என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் மக்கள் மறைந்துவிடவில்லை. நகரோரக் குடியிருப்புகளுக்கு இடம் பெயர்ந்திருக்கிறார்கள். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. பட்டதாரி லயத்தில் குடியேற வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. திங்களுக்கு ஒரு சனிக்கிழமை அப்பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கவும், எந்தப் படிப்புக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒரு தாய்க்கு எடுத்துரைக்கவும் அவனால் இயலாதா?

குற்றம் அவனுடையது மட்டுமன்று. திரும்பியவனுக்குச் சமுதாயம் மாலை சூட்டுகிறது; அடுத்த நொடியே “சம்பளம் எவ்வளவு?” என்று கேட்கிறது. “எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவாய்?” என்று கேட்பதில்லை. தோட்டத்திலிருந்து தப்பிச் செல்லும் சீட்டாகவே கல்வியைப் போற்றிய சமுதாயம், தப்பியவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று புலம்புவது என்ன நியாயம்?

தனிநாயகம் அடிகளார் இலங்கையில் பிறந்தவர். உரோமாபுரியில் இறையியல் கற்றவர். தமிழகம் வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர். அவருக்கும் கெமாஸ் தோட்டத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆயினும் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அயலில் கற்றதை, கடன்படாத மண்ணுக்கே அவர் வாரி வழங்கினார். கடன்பட்ட மண்ணுக்குக் கைவிரிப்பவன் தன்னை எவ்வாறு கற்றவன் என்று சொல்லிக்கொள்வான்?

கெமாசில் இருப்புப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேற்குக் கரை வழியாகவும் மற்றொன்று கிழக்கே தும்பாட் நோக்கியும் செல்கிறது. படித்துத் திரும்பும் மாணவனும் அத்தகைய சந்திப்பிலேதான் வந்து இறங்குகிறான். எந்த வண்டியில் ஏறுவது என்பதை அங்கு வந்தபின் முடிவு செய்ய இயலாது. அயல்நாட்டு விடுதியில் பெட்டி கட்டும் அந்த இறுதி நாட்களிலேயே அவன் முடிவு செய்தாக வேண்டும். அந்நாட்களில் கண்ணீர் வடிப்பது எளிது. கணக்குப் பார்ப்பதே கடமை.