கடையின் பெயர் வேறு, உங்கள் பெயர் வேறு



உருத்திரபுரத்தில் மிளகாயும் மாவும் அரைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவின் கடன் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. காலபோக அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும் மாசி, பங்குனியில்தான் அவருக்கு நல்ல வேலை. அதற்கு முன் பெரிய அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்க, அந்த இயந்திரத்தையே பிணையாக வைத்துக் கடன் கேட்டிருந்தார். முதல் தடவை "பெயர் பொருந்தவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள். எந்தப் பெயர், எதனுடன் பொருந்தவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் காசு செலவழித்துக் கடைப் பலகையைப் புதிதாக எழுதுவித்து, அதைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பவும் அதே பதில். "பிள்ளை, நான் கடன் கட்ட மாட்டன் எண்டு நினைக்கினம் போல" என்று என்னிடம் வந்து கண் கலங்கினார்.

கடதாசிகள் எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் பார்த்தோம். அடையாள அட்டையில் தகப்பனின் முதலெழுத்து. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில், உரிமையாளர் என்ற இடத்தில் கணவரின் முதலெழுத்து. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. பலகையில் 'மில்', சான்றிதழில் 'அரைக்கும் ஆலை'. விண்ணப்பத்தில் 'கடன் பெறுபவர்' என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது கடையின் பெயரை. ஒரே பெண், கடதாசியில் நான்கு பேர்.

ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். நகையை அடகு வைத்தால் நகை வங்கிப் பெட்டகத்துக்குள் போய்விடும். காணியை ஈடு வைத்தால் உறுதியில் பதிவு இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் பலருடைய காணி அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. அதனால்தான் தையல் இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம் போன்ற அசையும் பொருட்களைப் பிணை வைத்துப் பெறும் கடன் எங்களுக்கு முக்கியமாகிறது. இதில் பொருள் உங்கள் கொட்டிலிலேயே இருக்கும். அதன்மேல் கடன் இருக்கிறது என்பது இன்னொருவருக்குத் தெரிய வேண்டுமானால் எங்காவது பதிந்திருக்க வேண்டும். 2009 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டம் இதற்கென ஒரு பதிவேட்டை ஏற்படுத்தி, கடன் தகவல் பணியகத்திடம் ஒப்படைத்தது. இப்படியான பதிவேட்டில் கடன் பெற்றவர் யார் என்பதை வைத்துத்தான் தேடுவார்கள். பெயர் பிழைத்தால் தேடுபவரின் கண்ணில் அந்தப் பதிவு படாமலே போகலாம்.

அமெரிக்காவில் ஜோன் டியர் என்ற பெரிய உழவு இயந்திரக் கம்பனிக்கே இப்படி நடந்தது. கன்சாஸ் மாநிலத்து விவசாயி ஒருவருக்குக் கடனில் இரண்டு விவசாயக் கருவிகள் கொடுத்து, பதிவில் அவரை எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயரை இட்டார்கள். அவர் வங்குரோத்து ஆனபோது வழக்கு வந்தது. சட்டப்படியான பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று 2004 இல் மேன்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. கம்பனியின் பிணை போய்விட்டது. கடன் கொடுப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். உங்களில் அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் எது பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது அலுவலர்களுக்குப் பெரிய பாரமில்லை. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

தனியாள் நடத்தும் கடை சட்டத்தின் முன் வேறொரு ஆள் அல்ல. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டால் அது கம்பனி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சொந்தப் பெயர் அல்லாத பெயரில் தொழில் செய்பவர் யார் என்று காட்டுவதற்கே அந்தப் பதிவு. 1918 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை அது. கடன்காரி நீங்கள்தான். ஆகவே கடன் பெறுபவர் என்ற இடத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் பெயரை எழுதுங்கள். கடையின் பெயரை அதற்குரிய இடத்தில், சான்றிதழில் உள்ளபடி, 'மில்' என்றால் 'மில்' என்றே எழுதுங்கள். கம்பனிச் சட்டத்தின்படி பதிந்த கம்பனி என்றால் மட்டும் கதை வேறு.

இலக்கத்தையும் பாருங்கள். 2016 முதல் அடையாள அட்டை இலக்கம் 12 எண்களாக மாறியது. கடையைப் பழைய இலக்கத்தில் பதிந்துவிட்டு இப்போது புது அட்டை வைத்திருப்பவர்கள் இரண்டின் பிரதியையும் கொண்டு போங்கள். முதலெழுத்து மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்கலாம். அது அவசரத்துக்கு உதவும். சான்றிதழைத் திருத்துவிப்பதுதான் நிலையான வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவரின் பெயரில் பதிந்த கடையை, அவர் காணாமற்போன பிறகும் அதே சான்றிதழில் நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை எடுப்பது அவரையே இல்லையென்று சொல்வது போல என்று ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கடன் எடுக்காதீர்கள். அது பின்னர் உங்களையே பிடிக்கும். உங்கள் தொழிலை உங்கள் பெயரில் புதிதாகப் பதியலாம். அதற்காக மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. அவர் பெயரிலுள்ள சொத்து விடயங்களுக்கு, 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. பழைய பலகையைக் கழற்றாமல் வீட்டுக்குள் வைத்திருங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

அந்த அக்காவுக்கு மூன்றாம் தடவை கடன் கிடைத்தது. இயந்திரம் வந்து இறங்கியபோது சித்திரை பிறந்துவிட்டது. அந்த வருட மிளகாய் கிளிநொச்சி ரவுனில் அரைபட்டு முடிந்திருந்தது. இப்போது அடையாள அட்டை உறைக்குள் ஒரு சின்னத் துண்டு வைத்திருக்கிறார். தன் பெயரின் ஆங்கில எழுத்துகள் அதில் ஒவ்வொன்றாக இருக்கின்றன. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.