தராசு மட்டும் போதுமா?

பள்ளிக்கூடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை மாணவ மாணவிகளை வரிசையாக நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். இரண்டையும் ஓர் அட்டையில் எழுதிக் கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த அட்டை என்ன ஆகிறது? பல இடங்களில் அது பீரோவுக்குள் போய்ப் படுத்துவிடுகிறது. அதில் எழுதியிருப்பதன் பொருள் பையனுக்கும் தெரிவதில்லை. அவனைப் பெற்றவர்களுக்கும் தெரிவதில்லை.

இந்த அளவெடுப்பு வீண் வேலை அல்ல. முறையாகச் செய்தால் எத்தனையோ பிள்ளைகளைப் பிற்காலத் துன்பத்திலிருந்து காப்பாற்றலாம். முறை தவறிச் செய்தாலோ, நோயைக் கண்டுபிடிக்காமல் பிள்ளையின் மனத்தை மட்டும் புண்படுத்தி அனுப்புவோம். இந்த இரண்டில் எது நடக்க வேண்டும் என்பது பெரியவர்களாகிய நம் கையில் இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் வருபவை என்று நாம் எண்ணியிருந்த சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இன்று பதினைந்து, பதினாறு வயதிலேயே தலை காட்டுகின்றன. உடலில், குறிப்பாக வயிற்றுக்குள், அளவுக்கு மேல் கொழுப்பு சேருவது இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.

நம் நாட்டில் 2016 முதல் 2018 வரை ஒரு பெரிய ஊட்டச் சத்துக் கணக்கெடுப்பு நடந்தது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 100க்கு 24 பேர் வயதுக்குத் தகுந்த சதைப்பிடிப்பு இல்லாமல் மெலிந்திருந்தார்கள். 100க்கு 5 பேர் எடை மிகுந்திருந்தார்கள். ஐந்து பேர்தானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. இந்தியாவில் இந்த வயதினர் சுமார் 25 கோடிப் பேர். நூற்றுக்கு ஐந்து என்றால் ஒரு கோடிக்கு மேல் ஆகிறது. தவிர, இந்தக் கணக்கு எடையைப் பார்த்துச் சொன்ன கணக்கு. எடையில் அகப்படாத கொழுப்பு இதில் சேரவில்லை.

பெல்ஜியம் நாட்டுக் கணக்கு

ஒருவர் பருமனா, மெலிவா என்று சொல்ல இப்போது உலகமெங்கும் வழங்கும் கணக்கு பி.எம்.ஐ. என்பது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒரு பையனை எடுத்துக் கொள்வோம். 1.6ஐ 1.6ஆல் பெருக்கினால் 2.56. எடையாகிய 64ஐ 2.56ஆல் வகுத்தால் 25. அதுவே அவனுடைய எண்.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு வைத்தியர் அல்ல. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த கெட்டலே என்ற கணித, வான நூல் அறிஞர். 1830களில், சராசரி மனிதனின் உருவம் எப்படி இருக்கும் என்று ஆராய்ந்தபோது இதை அவர் கண்டார். தனி ஒரு மனிதனின் உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கமல்ல. 1972-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸல் கீஸ் அதற்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டினார். அதன் பிறகே அது ஆஸ்பத்திரிகளில் பெருவழக்காயிற்று.

வளரும் பிள்ளைகளுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. வயது வந்தவருக்கு 22 என்பது சாதாரணம். 10 வயதுச் சிறுவனுக்கோ அதே 22 மிகவும் அதிகம். பருவம் அடையும்போது பெண்களுக்குக் கொழுப்பு சற்றுக் கூடுவதும், பையன்களுக்குத் தசை முறுக்கேறுவதும் இயற்கை. ஆகவே வயதையும் ஆண், பெண் வேற்றுமையையும் பார்த்துத் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ம் ஆண்டில் இத்தகைய அட்டவணையை வெளியிட்டது. இந்தியக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 2015-ல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஓர் அட்டவணை தந்தது.

இரண்டு டாக்டர்கள்

அட்டவணை இருந்தும் ஒரு குறை நீங்குவதில்லை. தராசுக்கு எலும்பு எது, தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. தினமும் கபடி ஆடி உடம்பை உரமேற்றிய பையனைத் தராசு 'பருமன்' என்று சொல்லிவிடலாம். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருக்கும் பையனை 'சரி, போ' என்று அனுப்பிவிடலாம்.

இதற்குச் சிறந்த சாட்சியாக இரண்டு டாக்டர்கள் தங்கள் உடம்பையே காட்டினார்கள். ஒருவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, வித்தியாசமே இல்லை. ஆனால் எக்ஸ்-ரே கருவியில் அளந்து பார்த்தபோது, லண்டன் டாக்டரின் உடலில் கொழுப்பு 100க்கு 9.1 பங்கு, நம் பூனா டாக்டரின் உடலில் 21.2 பங்கு! 2004-ம் ஆண்டில் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் இருவரும் சேர்ந்து இதைப் படத்தோடு வெளியிட்டார்கள்.

டாக்டர் யாக்னிக்கின் குழுவினர் பூனாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டும் பார்த்தார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்திருந்தும், முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. தசைதான் குறைந்திருந்தது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற நிலை தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

இந்தக் காரணத்தால்தான் நம் குழந்தை வைத்தியர்கள், வயது வந்தோருக்கு வழக்கமாகச் சொல்லும் 25, 30 என்ற எல்லைகளை விட்டு, 23, 27 என்ற எல்லைகளுக்குச் சமமாகப் பிள்ளைகளின் கோட்டை வகுத்தார்கள். இருந்தும் எல்லோரும் வலையில் சிக்குவதில்லை. பல நாடுகளில் நடந்த 37 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2015-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. உண்மையிலேயே கொழுப்பு மிகுந்த பிள்ளைகள் 100 பேர் என்றால், எடைக் கணக்கில் அகப்படுவோர் 73 பேர். மீதி 27 பேர் தப்பிப் போகிறார்கள். இவர்கள் தப்பியது அதிர்ஷ்டம் அல்ல!

நாடா சொல்லும் சேதி

அப்படியானால் என்ன வழி? ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் எக்ஸ்-ரே கருவி வைக்க முடியாது. வைக்கவும் வேண்டாம். தையற்காரர் கழுத்தில் தொங்குகிறதே, அந்த அளவு நாடா போதும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். பிள்ளை மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைப் பார்க்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. நாடாவை இறுக்கவும் கூடாது. இப்படி எடுத்த சுற்றளவு, உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதற்கு அட்டவணை தேவையில்லை. பெரிய கணக்கும் தேவையில்லை. பிரிட்டனில் சர்க்கார் வைத்தியத்துக்கு நெறி வகுக்கும் ஸ்தாபனம், 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த அளவைக் கவனிக்கலாம் என்று 2022-ல் கூறியது.

தோலை மடித்து இடுக்கியால் பிடித்துக் கொழுப்பின் கனத்தை அளக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு நல்ல பழக்கம் வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். மின்சாரத்தைச் செலுத்திக் கொழுப்பைக் கணக்கிடும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன. குடித்த தண்ணீருக்குத் தக்கபடி அவற்றின் கணக்கும் மாறும். எந்த ஒரு கருவியையும் தனியே நம்பிவிட முடியாது. பல நாட்டு நிபுணர்கள் கூடிய ஒரு குழு 2025-ம் ஆண்டு ஜனவரியில் இதையே சொன்னது: எடைக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சுற்றளவு போன்ற இன்னோர் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

அளந்து சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் அப்படித்தான் நம்பினார்கள். அர்க்கன்ஸா ராஜ்யத்தில் 2003-ம் ஆண்டில் சட்டமே இயற்றி, பள்ளிப் பிள்ளைகளின் பி.எம்.ஐ. எண்ணைப் பெற்றோருக்குக் கடிதத்தில் தெரிவித்தார்கள். வேறு சில ராஜ்யங்களும் இதைப் பின்பற்றின.

இதனால் பலன் உண்டா என்று கலிபோர்னியாவில் 2014-க்கும் 2017-க்கும் இடையில் சோதித்தார்கள். 79 பள்ளிகளில் 28,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். கடிதம் போன வீட்டுப் பிள்ளைகளின் எடையில் எந்த முன்னேற்றமும் இல்லை. பள்ளியில் அளக்கப்பட்ட பிள்ளைகளிடையே தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறை வளர்ந்ததுதான் மிச்சம். மாசசூசெட்ஸ் ராஜ்யம் இந்தக் கடிதத் திட்டத்தை 2013-லேயே கைவிட்டுவிட்டது.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1968-லேயே ஒரு நூல் வெளியிட்டது. கண்டுபிடித்த பின் கொடுக்கச் சிகிச்சை இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய நிபந்தனை. அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2024-ல் கூறியபடி, பருமன் மிகுந்த பிள்ளைக்கு உணவிலும் பழக்கத்திலும் வழி காட்ட, குறைந்தது 26 மணி நேரப் பயிற்சி தேவை. ஒரு துண்டுக் கடிதம் அந்த 26 மணி நேரத்துக்கு ஈடாகுமா?

நாம் செய்ய வேண்டியது

'அப்படியானால் அளக்கவே வேண்டாம்' என்பார் உண்டு. அது சரியல்ல. அளக்காமல் விட்டால் மறைந்திருக்கும் கொழுப்பும் தெரியாது, மெலிவும் தெரியாது. கெடுதல் அளப்பதில் இல்லை. அளக்கும் விதத்தில் இருக்கிறது.

மத்திய சர்க்கார் 2013-ல் தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின்படி, வைத்தியக் குழுவினர் சர்க்கார் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு நாடாவும் இருக்கட்டும். அளவெடுப்பது தனி அறையில் நடக்கட்டும். பெண் பிள்ளைகளைப் பெண்களே அளக்கட்டும். எண்ணை உரக்கக் கூவுவது கூடவே கூடாது. வகுப்பில் ஒரு முறை 'பூசணிக்காய்' என்றோ 'ஒல்லிக்குச்சி' என்றோ பெயர் வாங்கிய பிள்ளை, அடுத்த ஆண்டு அளவெடுக்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டான்.

இரண்டு அளவும் எல்லை தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒன்று மட்டும் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். மெலிந்த பிள்ளைக்கும் அதே அக்கறை வேண்டும். பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பது ஆபத்து என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் செய்ய வசதி இல்லாத பள்ளிக்கூடங்கள் கூட உடனே தொடங்கக் கூடிய வேலை ஒன்று உண்டு. அதற்குத் தராசும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். பிள்ளைகள் தினமும் 60 நிமிஷம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் பள்ளிகளிலோ, பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்பு! அதைக் கணக்கு வாத்தியார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி செய்திருக்கிறார்கள். அந்த விதி காகிதத்தில் தூங்காமல், அதிகாரிகள் பார்த்துக் கொள்ள வேண்டும்.

தையற்காரர் அளவெடுப்பது, உடம்புக்கு ஏற்றபடி சட்டை தைப்பதற்காக. சட்டை தைக்க எண்ணமில்லாதவர் நாடாவை எடுப்பதில்லை. பிள்ளைகளை அளக்கும் பெரியவர்களுக்கும் அந்த எண்ணம் வேண்டும். அளந்து எழுதிய அட்டை பீரோவுக்குப் போகாமல், ஒரு டாக்டரின் கவனத்துக்கும் ஒரு தாயின் சமையலறைக்கும் ஒரு விளையாட்டு மைதானத்துக்கும் போய்ச் சேரட்டும். அப்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.