மைதானத்தில் மயங்கும் மாணவன்

ஓட்டத்தின் நடுவே நெஞ்சு நொந்தோ தலைசுற்றியோ வீழும் மாணவனை வலுவற்றவனென எள்ளுவதும், மீண்டும் ஓடுமாறு பணிப்பதும் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. இது பெருந்தவறென்பதே எமது துணிபு.

இருதயத் தசைக்கு இரத்தமூட்டும் முடியுரு நாடிகள் சிலருக்குப் பிறவியிலேயே இடம்மாறித் தோன்றுகின்றன. அவற்றுட் கொடியது, இடது நாடி வலப்புறத்தே தோன்றிப் பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையே செல்வதாகும். கடுமையாக ஓடுங்கால் அது நெருக்குண்டு, இருதயம் இரத்தமின்றித் தவிக்கும். ஓய்ந்திருக்கையில் எடுக்கும் ஈ.சீ.ஜீ. படமோ பெரும்பாலும் குற்றமற்றதாகவே தோன்றும்.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் பீட் மரவிச் கல்லூரி நாள்தொட்டுப் புகழ்பெற்றவர். 1988இல், தமது 40ஆவது வயதில், ஆடுகளத்திலேயே வீழ்ந்து இறந்தார். இடது முடியுரு நாடி அவருக்குப் பிறவியிலேயே இல்லை என்பதைப் பிரேத பரிசோதனையே புலப்படுத்திற்று.

அன்று மரணத்தின்பின் அறிந்ததை இன்று உயிருள்ளபோதே அறியலாம். எக்கோ பரிசோதனை பெரும்பாலும் நாடியின் தோற்றுவாயைக் காட்டும், சீ.ரீ. ஸ்கான் அது செல்லும் வழியையும் காட்டும். அப்படங்களைக்கொண்டு கணினியில் மாதிரியமைத்து, நாடி எங்கே நெரிபடும், இரத்தவோட்டம் எவ்வளவு குறையும் என ஆராய்கின்றனர். அம்மாதிரி வைத்தியருக்குத் துணையேயன்றித் தீர்ப்பாகாது.

எல்லா மாணவருக்கும் ஸ்கான் எடுத்தல் வேண்டுமென யாம் கூறோம். கதிர்வீச்சும் செலவும் அதற்கு இடந்தரா. ஆனால் ஓடுகையில் மயங்கியவனை ஆசிரியர்கள் அன்றே விளையாட்டினின்று நிறுத்தி, இருதய வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். மாணவர்காள், நோவை மறைத்தல் வீரமன்று; உடனே கூறுமின்.