தெர்மாமீட்டர் கை மாறிய கதை



அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு சாவைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். பச்சைப் பிள்ளைக்காரியைச் சேரிக்கு வெளியே கொண்டுவருகிறார்கள். தெர்மாமீட்டரை டாக்டர் ஒரு முஸ்லிமிடம் தருகிறார். அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் திரும்புகிறது. நிமோனியா என்கிறார். அவள் செத்துப்போகிறாள். ஆண்டு 1929.

ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பது குற்றம் என்றது 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுழையவிடாமல் தடுப்பதும் வன்கொடுமை என்றது 2015 திருத்தம். ஆக, சட்டப்படி வாசல் திறந்துதான் கிடக்கிறது. நம்ம சனம் அந்த வாசல் வரைக்கும் போக முடியுதா என்பதே என் கேள்வி.

காட்டுமன்னார்கோயில் பக்கம் நடவுக்குப் போற பொம்பள காலையில வயல்ல எறங்குனா பொழுது சாயத்தான் கரையேறுவா. ஓபி சீட்டு தருவதோ காலையில். போனால் அன்றைய கூலி போச்சு. பெரிய ஆஸ்பத்திரி சிதம்பரத்தில். பஸ் காசும் போச்சு. இருட்டின பிறகு திறந்திருப்பது மெடிக்கல் கடைதான். “மேலெல்லாம் வலி, ரெண்டு மாத்திரை குடு தம்பி.” அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். பெயரும் இல்லை, பில்லும் இல்லை. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து தரவேண்டும் என்கிறது 1948 பார்மசி சட்டம். வலி மாத்திரையை வருசக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்று அவளுக்கு யார் சொல்வது?

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். தோட்டைக் கழற்றி வைக்கிறவளிடம் எதுக்கும்மா கடன் என்றால், “ஆஸ்பத்திரி செலவுக்குங்க சார்.” பத்து ரூபா மாத்திரையில் அமுக்கி வைத்த நோய் கடைசியில் தோட்டைத் தின்கிறது.

வீடு தேடி மருந்து என்று 2021இல் திட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். நல்லதுதான். அவை எந்தத் தெருவில் என்று நாம் கேட்டோமா? சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்ததும் சும்மா இல்லை. கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று. கூலி முடிந்து வருகிறவர்களுக்கு மாலை நேர ஓபி. சேரிக்கு நடந்து போகும் தூரத்தில் மலிவு மருந்தகம், அதில் மருந்தாளுநர். வாங்கும் மாத்திரைக்குப் பெயரும் பில்லும்.

இந்த மண்ணின் இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் நாடு முழுவதுமான தீண்டாமையை அறிக்கையாக்கியது. மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் நோட்டை எடுத்துக்கொண்டு சேரி சேரியாகப் போங்கள். கடைசியாக டாக்டரிடம் போனது எப்போது, கூலி எவ்வளவு போனது, டாக்டர் தொட்டுப் பார்த்தாரா? இந்த மூன்றையும் எழுதி வாருங்கள். கணக்கோடு போய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்போம்.